வெந்நீர்த் தொட்டிக் காவல்

நவம்பர் 12

அன்புள்ள ஹருயோ அக்காவுக்கு,

தம்பி தொகுஜி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்து, விழுந்த அன்றே கரைந்தும் போயிற்று. வருவதென்றால் ஒழுங்காக வரவேண்டும். உங்கள் ஊர் எரிமலை சாம்பலைத் தூவாமல் துணி காயப்போட விடுகிறதா? அத்தானின் இருமல், உங்கள் கண் எல்லாம் எப்படியிருக்கிறது என்று எழுதுங்கள். மகள் நத்சுமி, பேரன் கோஹெய், நான், மூவரும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். நத்சுமிக்கும் அந்த ஆளுக்கும் குடும்ப நீதிமன்றத்தில் நடந்துவந்த சமரசப் பேச்சு ஒருவழியாக முடிந்தது. யார் அந்த ஆள் என்று கேட்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளையை ஜூன் வெயிலில் பூட்டிய காருக்குள் தூங்கவிட்டு, பச்சிங்கோ கடைக்குள் போய்க் குண்டு உருட்டிச் சூதாடியவனுக்குப் பெயர் ஒரு கேடா? காவலாளி ஒருவர் தற்செயலாகக் காருக்குள் எட்டிப் பார்த்ததால் இன்று எனக்குப் பேரன் இருக்கிறான். "அஞ்சு நிமிஷம்தான் மாமா" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னான். கடை வாசல் காமிரா முக்கால் மணி நேரம் என்றது.

இப்போதைய ஏற்பாடு இது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் பிள்ளையைப் பார்க்கலாம். எங்கள் வீட்டார் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். ஜூனில் மறுபடி கூடி, இனித் தனியாக விடலாமா என்று முடிவு செய்வார்கள். நத்சுமிக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறும் வேலை. ஆகவே கூட இருக்கப்போகிறவன் நான். ஜூனில் சொல்லவேண்டிய பதிலை இப்போதே நத்சுமியிடம் சொல்லிவிட்டேன். "கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொன்னா எப்படிப்பா?" என்றாள். கேள்விதான் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்குக் காத்திருப்பது?

படகு இயந்திரங்களை யாரிடமும் படிக்காமல், பிரித்துப் பார்த்தே கற்றவன் நான். நடுக்கடலில் ஒருமுறை கைவிட்ட இயந்திரத்தை நம்பிப் படகேறமாட்டேன்.

ஆப்பிள் பெட்டி தனியாக வருகிறது. மேல் அடுக்கு உங்களுக்கு, கீழ் அடுக்கு அத்தானுக்கு. மாற்றிவிடாதீர்கள்.

தம்பி தொகுஜி

---

நவம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். ஆப்பிள் வந்தது. அத்தான் மேல் அடுக்கில்தான் கைவைத்தார். இருமல் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. எரிமலை நேற்று என் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பார்த்துக் காத்திருந்துதான் துப்பியது.

அந்த ஜூன் மாதம் எனக்கும் மறக்கவில்லை. நத்சுமி தொலைபேசியில் பேசமுடியாமல் மூச்சுமட்டும் விட்டது காதிலேயே இருக்கிறது. நீ கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நீ பேசுகிறாய், நத்சுமி பேசுகிறாள், கடை வாசல் காமிராகூடப் பேசுகிறது. கோஹெய் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்ன சொல்கிறான்?

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

அக்கா ஹருயோ

---

டிசம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பனி இப்போது ஒழுங்காக வந்துவிட்டது. காலையில் வாசலை வாரினால் மதியம் மறுபடி வாரவேண்டும். உடம்புக்கு நல்லதுதான். மூவரும் நலம், உங்கள் இருவர் நலமும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு ஞாயிறு முடிந்தது. முதல் முறை பூங்காவில். பேருந்து தாமதம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஆள் நனைந்த நாய் மாதிரி வந்து நின்றான். இரண்டாம் முறை நூடுல்ஸ் கடையில். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கோஹெய் என்ன சொல்கிறான் என்று கேட்டீர்களே, இதைத்தான் சொன்னான்:

"தாத்தா, நீங்க நடுவுல இருந்தா எனக்கு அப்பா தெரியல. உங்க காதுதான் தெரியுது."

நான் இடம் மாறவில்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

கடை சரிப்படாது. அவன் சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது, யாரோடு என்ன பேசுகிறான் என்று தெரியாது. யோசித்து ஒரு வழி கண்டேன். ஜனவரியில் கோஹெய்க்கு ஏழு வயது நிறைகிறது. எங்கள் பொதுக் குளியல் கூடத்தில் ஏழு வயதான பையன் அம்மாவோடு பெண்கள் பக்கம் போகக்கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். இனி ஆண்கள் பக்கம்தான். ஆகவே அந்த ஞாயிறை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். உடுப்பில்லாதவன் எதை எங்கே ஒளிப்பான்? கோஹெய் குதித்தான். அந்த ஆள் என்னிடம் குனிந்து வணங்கினான். நான் வணங்கவில்லை.

புத்தாண்டு உங்களுக்கு இனிதாகப் பிறக்கட்டும்.

தொகுஜி

---

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு ஆசிகள். எங்கள் தோட்டத்து ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் பாடுகிறது, மற்றபடி நலம். அத்தான் உன் குளியல் திட்டத்தைக் கேட்டு, "இவன் காவல்துறையில சேர்ந்திருக்கவேண்டிய ஆளு, தப்பிச்சாங்க" என்றார்.

ஒரு சந்தேகம். தகெருவிடம் கார் இருந்ததே. (அவன் பெயர் தகெரு. என் வாய்க்கு வருகிறது.) இந்தப் பனியில் ஹிரோசாகியிலிருந்து ஏன் பேருந்தில் வருகிறான்?

அக்கா ஹருயோ

---

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆரஞ்சு வந்தது. கோஹெய் தின்று தின்று உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. இனிப்பு போன வருஷத்தைவிடச் சற்றுக் குறைவு. உண்மையைச் சொல்வதில் தப்பில்லை. உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

குளியல் ஏற்பாடு நன்றாக நடக்கிறது. அங்கே இரண்டு தொட்டி. ஒன்று மிதமான சூடு, இன்னொன்று நல்ல சூடு. எதிரே வரிசையாக உட்கார்ந்து சோப்புப் போடும் இடம். நல்ல சூட்டுத் தொட்டியின் வலது மூலையில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். அதுதான் என் இடம். அவர்கள் இருவரும் மிதமான தொட்டியில். அந்த ஆள் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் நுரை விழாமல் நெற்றியில் கைவைத்து மறைக்கிறான். தரை வழுக்குமென்று கோஹெயை உலர்ந்த ஓரமாக நடக்கவிட்டு, தான் ஈரத்தில் நடக்கிறான். இதெல்லாம் நான் இருப்பதால் செய்வது. நான் இல்லாதபோது செய்வானா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க வழியில்லை.

"மாமா, அங்க சூடு ஜாஸ்தி. இப்பிடி வாங்களேன்" என்றான். எனக்குச் சூடு தெரியாது என்றேன். அதைக் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், கல்லாவில் உட்காரும் மட்சுனோ அம்மாள், "தொகுஜி அண்ணே, உங்களை அவிச்சு எடுத்தா யாரும் வாங்கமாட்டாங்க, எழுந்திரிங்க" என்று கத்துகிறாள். இந்த ஊரில் மரியாதை போய்விட்டது.

பேருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பனி தோள் உயரம்.

தொகுஜி

---

பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. பிளம் பூத்துவிட்டது. அதன்மேல் சாம்பலும் பூத்திருக்கிறது.

காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பனியின் உயரம் எழுதுகிறாய். நத்சுமியிடமே கேட்டுவிட்டேன். அந்த ஜூனிலேயே காரை விற்றுவிட்டானாம். பச்சிங்கோ கடைகளில் தன்னை உள்ளே விடக்கூடாதென்று தானே எழுதிக் கொடுத்து, வாராவாரம் சூதை விட்டவர்கள் கூட்டத்துக்கும் போகிறானாம். இதெல்லாம் உனக்கும் தெரியும் என்றாள். இதனால் அவன் நல்லவனாகிவிட்டான் என்று நான் சொல்லவரவில்லை. தெரிந்ததை முழுதாக எழுது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற ஆள் கொதிக்கிற தண்ணீரில் குந்தக்கூடாது. மட்சுனோ அம்மாள் சொல்வதைக் கேள்.

அக்கா ஹருயோ

---

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். எனக்குச் சிறு ஜலதோஷம், வேறு ஒன்றுமில்லை. பனி கரைகிறது. இம்மாதச் சந்திப்பும் நடந்தது. குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை.

தலையில் அடிபட்டு வீங்கினால் உங்கள் ஊரில் என்ன தடவுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஆரஞ்சுக்கு நன்றி சொல்லிக் கோஹெய் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றிருந்தேன். நத்சுமி அதற்குள் அஞ்சலில் போட்டுவிட்டாள்.

தொகுஜி

---

மார்ச் 17

ஹருயோ பாட்டிக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம். ஆரஞ்சு ரொம்ப ருசியாக இருந்தது. நன்றி. என் கை மஞ்சளாகி, பிறகு சரியாகிவிட்டது.

தாத்தா குளியல் கூடத்தில் மயங்கி விழுந்ததை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் அதை எழுதவில்லை.

அப்பா என்னை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தொட்டியிலிருந்து குதித்தார். என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, "முதுகைச் சுவத்துல ஒட்டிக்கோ. எழுந்திரிக்காத. ஸ்கூல் பாட்டைச் சத்தமாப் பாடு. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். பிறகு தாத்தாவைத் தூக்கப் போனார். நான் பாடினேன். ரொம்பச் சத்தமாகப் பாடினேன். மூன்றாவது அடியும் எனக்குத் தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

தாத்தா தக்காளி மாதிரி இருந்தார். இப்போது சாதாரண நிறம். காப்பிப் பால் குடித்தோம்.

பாட்டி உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கோஹெய்

---

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

பக்கத்து வீட்டுக்காரரின் தலைவீக்கம் எப்படி இருக்கிறது? அவருடைய இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? பிடிவாதத்துக்குத் தடவ ஏதும் இருந்தால் இங்கிருந்து அனுப்பியிருப்பேன். எங்கள் ஊர்க் கடையில் இல்லை.

நடந்ததை ஒன்று விடாமல் எழுது. அதுவரை ஆரஞ்சு கிடையாது.

அக்கா ஹருயோ

---

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வைத்தியர் பார்த்துவிட்டார். தலையில் ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் முழங்கால் எப்படியிருக்கிறது என்று நீங்களும் எழுதவில்லை, ஆகவே நான் மட்டும் குற்றவாளி அல்ல.

எழுதுகிறேன். அன்று நீர் வழக்கத்தைவிடச் சூடு. குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் விட்டிருக்கலாம். இந்த ஊர்க் கிழவர்கள் நடுவில் அந்தக் குழாயைத் தொடுகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். நான் தொடவில்லை. எழுந்துபோகலாம் என்றால், என்னைப் பார்த்து அந்த ஆள் "போதும் மாமா" என்கிற மாதிரி ஒரு முகம் வைத்திருந்தான். அந்த முகத்துக்காகவே உட்கார்ந்திருந்தேன். பிறகு கூரை கீழே வந்தது.

கண் விழித்தபோது முதலில் காதில் விழுந்தது பள்ளிக்கூடப் பாட்டு. செத்துப்போன இடத்திலும் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்களே, ஒன்பதாம் வகுப்போடு தப்பித்தேன் என்று நினைத்தேனே என்று மனம் நொந்தது. பார்த்தால் தகெரு என் கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வாளியால் விசிறிக்கொண்டிருக்கிறான்.

இதில் எனக்குள்ள குறை என்னவென்று நீங்களே சொல்லுங்கள். நான் மூக்குவரை தண்ணீரில். இவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய், இடம் பார்த்து உட்காரவைத்து, பாட்டுப் பாடச்சொல்லி, அதன்பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறான். எழுபத்துநாலு வயதுக்காரன் இரண்டாவது ஆள்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். உடுப்பு மாட்டும் அறையில், இதை நத்சுமியிடம் சொல்லவேண்டாம், சொன்னால் அவள் பயந்து ஞாயிற்றுக்கிழமையையே நிறுத்திவிடுவாள், உனக்குத்தான் நஷ்டம் என்று சொன்னேன். மூன்று பேரும் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அவன் என் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டே தலைநிமிராமல் சொன்னான்:

"அது மட்டும் முடியாது மாமா."

வீட்டுக்கு வந்து, நான் பக்கத்திலிருக்கும்போதே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். என் முகம் சிவந்ததை முன்பே பார்த்ததாகவும், நான் கத்துவேன் என்று பயந்து எழுப்பாமல் இருந்தது தன் தப்பு என்றும் சொன்னான். நத்சுமி நான் சொன்னபடியே ஏப்ரல் சந்திப்பை நிறுத்திவிட்டாள். அவன் சரி என்று பேருந்து பிடித்துப் போனான். கோஹெய் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பாடியவன் அவன், விழுந்தவன் நான், பேச்சு நின்றது என்னோடு.

தொகுஜி

---

மே 4

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் நலம், கேட்டதற்கு நன்றி. இன்று ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினேன். உன்னைத் தூக்கிக் காப்பாற்றிய ஆளுக்கும் கொடு.

உன் குறையை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பில் இருமல் அதிகமாகிவிட்டது. தம்பி, "எழுபத்துநாலு வயதுக்காரன் இரண்டாவது ஆள்" என்று நீ எழுதிய வரியை நீயே ஒருமுறை படி. நான்கு வருஷத்துக்குமுன் யார் முதல் ஆளாக இருந்திருக்கவேண்டும் என்று நாமெல்லாரும் அழுதோம்?

கடிதத்தில் அவன் பெயரையும் எழுதிவிட்டாய். உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

ஜூனில் நீ என்ன சொன்னாலும், நத்சுமியின் மனம் ஒப்பாத எதையும் சொல்லாதே. பிள்ளை அவளுடையது, பயமும் அவளுடையது.

அக்கா ஹருயோ

---

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வெயில் தாங்கவில்லை. உங்கள் ஊரில் இதை வெயில் என்றே சொல்லமாட்டீர்கள். நாங்கள் நலம். அத்தான் என் கடிதங்களைப் படித்துச் சிரிப்பதை நிறுத்தவேண்டும், இருமலுக்காகச் சொல்கிறேன்.

மேயிலும் ஜூனிலும் சந்திப்பு நடந்தது. பிறகு சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும் நரைத்த ஒருவரும் இருந்தார்கள். ஒருமுறை வெந்நீரிலிருந்து தூக்கியதற்காகப் பிள்ளையைக் கொடுத்துவிடக்கூடாது என்றேன். தூக்குவது யாரும் செய்வதுதான். அவர்கள் தலையாட்டினார்கள். தகெருவும் தலையாட்டினான்.

"அப்படீன்னா தனியா விடவேண்டாம்னு சொல்றீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நான் மறைக்கச் சொன்னேன், இவன் மறைக்கல. மறைச்சிருந்தா அந்த நன்றிக்கே நான் இன்னிக்கு இவனுக்குப் பரிஞ்சு பேசியிருப்பேன், அதுவும் இவனுக்குத் தெரியும். அன்னிக்கு அஞ்சு நிமிஷம்னு சொன்னவன் இவன் இல்ல. விடலாம்" என்றேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவன் ஒரு விஷயத்தைச் சொன்னால் உடனே அடுத்ததைப் பேசவேண்டும்.

பேசியவள் நத்சுமி. தன் பயம் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றாள். ஒரே ஒரு பகல் முதலில். கார் கூடாது, பேருந்துதான். மதியம் கோஹெயே தொலைபேசியில் பேசவேண்டும். இருட்டுமுன் வீட்டில் இருக்கவேண்டும். அது நன்றாக நடந்தால் அடுத்தது. தகெரு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி, பச்சிங்கோ கடை இருக்கிற தெரு வழியாகப் போவதில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னான். அவனாகச் சேர்த்தது அது.

அந்த ஒரு பகல் நேற்று. ஹிரோசாகித் திருவிழாவின் கடைசி நாள், விளக்குத் தேர்கள் பகலில் வரும் நாள். கோஹெய் அப்பாவின் தெருக்காரர்களோடு தேர்வடம் பிடிக்கவேண்டும் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேருந்து நிறுத்தம்வரை போனேன். கையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. ஹிரோசாகியில் எனக்கு ஒரு ஆணிக் கடையில் வேலை இருந்தது. கோஹெய் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களும் ஏறப்போறீங்களா?" என்றான். தகெரு பிள்ளையைச் சன்னலோரம் ஏற்றி, தான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, எனக்கும் ஒரு இடம் பார்த்துவைத்தான். அந்த இடத்தைப் பார்த்தேன். ஆணி இந்த ஊரிலும் கிடைக்கிறது. வீட்டுக்கு நடந்துவந்தேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பகல் முழுதும் ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்தேன். அதில் பழுதே இல்லை. மதியம் தொலைபேசி அடித்தது. நத்சுமிக்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன். பின்னால் ஒரே முரசுச் சத்தம். "வடம் கனமா இருக்கு தாத்தா. அப்பா என் பின்னாடியே நிக்கிறாரு" என்றான். பின்னால் நிற்கிறான் என்று நான் கேட்காமலே சொன்னான். நத்சுமி தொலைபேசியை என்னிடமிருந்து பிடுங்கினாள். பேசி முடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள். முகம் கழுவினாளாம்.

சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது, உள்ளங்கை சிவந்திருந்தது. தகெருவை உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகச்சொன்னாள் நத்சுமி. நான் அவனுக்கு ஆரஞ்சு கொடுத்தேன். வாடியதுதான்.

இதில் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லி முடிக்கிறேன். இனி நான் தனியாகக் குளிக்க வந்தால் உள்ளே விடமாட்டேன் என்கிறாள் மட்சுனோ அம்மாள். வீட்டார் ஒருவர் கூடவே இருக்கவேண்டுமாம். நல்ல சூட்டுத் தொட்டி அடியோடு கிடையாதாம். எப்போது தனியாக விடுவாய் என்றேன். "நல்லா நடந்துக்கிட்டா யோசிக்கலாம்" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மிதமான தொட்டியில், எனக்குக் காவலாக அவர்கள் இருவரும்.

அதோடு விடவில்லை. தகெரு பிள்ளைக்குச் சோப்புப் போடும்போது முதுகு என் பக்கம் இருக்குமாம், அதனால் நான் பள்ளிக்கூடப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று கோஹெய் உத்தரவு போட்டிருக்கிறான். பாட்டு நின்றால் ஓடிவருவார்களாம்.

இரண்டு அடி வந்துவிட்டது. மூன்றாவதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி தொகுஜி